மழையில் கேட்கக் கூடாதது

எங்கள் பக்கத்தில் ஏப்ரல் மாதத்தை வசந்தம் என்று காலண்டரில் அச்சடிக்கிறவனைப் பிடித்துவந்து வில்லெட் கல்லூரி மைதானத்தில் ஒரு மணி நேரம் நிற்க வைக்க வேண்டும். மேலே இருந்து விழுவது மழையா பனியா என்று அதற்கே தெரியாது. ஏரியில் இருந்து வரும் காற்று கோட்டுக்குள் புகுந்து எலும்பைத் தேடும். அந்த மைதானத்தில்தான் பெப்ரவரியிலேயே பெண்கள் மண்வெட்டியால் பனியை அள்ளித் தள்ளிவிட்டு, தரை தெரிந்த இடத்தில் வலை கட்டிய மட்டையால் பந்தை ஏந்தி எறிகிற லக்ராஸ் ஆட ஆரம்பிப்பார்கள். அவர்களோடு நோரீன் டவுலிங்கும் ஒரு மண்வெட்டியோடு நிற்பாள். கோச்தானே என்று கையைக் கட்டிக்கொண்டு அவள் நின்றதை நான் பார்த்ததில்லை.

என் பெயர் ரீட்டா. அந்தப் பெண்களை ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்கி, ஜெயித்தால் பாட்டோடும் தோற்றால் அழுகையோடும் திருப்பிக் கொண்டுவருகிற பேருந்தை ஓட்டுகிறேன். நோரீன் வீடு எனக்கு எதிர்வீடு. அவள் கல்யாணமாகி வந்த வருஷம், கல்லூரியில் பெண்கள் அணி என்று ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஆண்கள் அணி போட்டுக் கழித்த சட்டையைத்தான் இவர்களுக்குக் கொடுத்தார்கள். நோரீன் அதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து, முதுகில் இருந்த எண்களைப் பிரித்துத் தைத்து, அணி என்று ஒன்றை உருவாக்கினாள். விளையாட்டுத் துறைத் தலைவர்கள் எத்தனையோ பேர் வந்துபோனார்கள். அவள் மட்டும் இருந்தாள்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஆடுகிறவள் தன் மட்டையின் வலையைத் தானே பின்ன வேண்டும். கம்பின் தலையில் தோல் வார்களும் சரடுமாகப் பின்னிய சின்னப் பை. அதில்தான் பந்தை ஏந்தி ஓடுவதும் எறிவதும். பை ஆழமாக இருந்தால் பந்து கெட்டியாக உட்காரும், ஆடுவது சுலபம். ஆனால் மட்டையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் பந்தின் உச்சி விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும், அது சட்டம். தெரியாவிட்டால் அந்த மட்டையால் போட்ட கோல் செல்லாது.

பேருந்தில் என் முதுகுக்குப் பின்னால் எப்போதும் இந்தப் பாடம்தான் நடக்கும்.

"கோச், இந்த முடிச்சு நிக்க மாட்டேங்குது. நீங்களே ஒரு தடவை போட்டுக் குடுங்களேன்."

"நான் போட்டா அது என் மட்டைடீ. அவிழ்த்துட்டு மறுபடி போடு."

"கை வலிக்குது கோச்."

"வலிக்கட்டும். அடுத்தவ பின்னின வலையை வெச்சுக்கிட்டு ஆடறதும், அடுத்தவ பல்லை மாட்டிக்கிட்டு மெல்றதும் ஒண்ணுதான். சீ, அசிங்கம்."

பெண்கள் சிரிப்பார்கள். சிரித்தாலும் அவிழ்த்து மறுபடி போடுவார்கள். ஏரியைச் சுற்றி இருக்கிற எல்லாக் கல்லூரிகளிலும் இதே கௌரவம்தான். பின்னத் தெரியாதவள் எத்தனை கோல் போட்டாலும் முதுகுக்குப் பின்னால் ஒரு இளப்பம் இருக்கும்.

நோரீனின் ஒரே பெண் பிரைடி அம்மாவின் கல்லூரியில் சேரவில்லை. "வீட்லயும் நீ, மைதானத்துலயும் நீயா? ஆளை விடும்மா" என்று சொல்லிவிட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் செயின்ட் ஆல்பன் கல்லூரியில் சேர்ந்தாள். அம்மாவுக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் அந்தப் பெண் ஆடுவதைப் பார்க்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். எதிரணிப் பெண் என்பதே மறந்துவிடும்.

இது பிரைடியின் கடைசி வருஷம். ஈஸ்டருக்கு முந்தின நாள், தோட்டத்துக்கு வெங்காய நாற்று கேட்க நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் பன்றித்தொடை வெந்துகொண்டிருந்தது, வீடெல்லாம் கிராம்பு வாசம். நோரீனின் கணவன் வாரன் பால் லாரி ஓட்டுகிறவன். மேசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான். நோரீன் மடியில் பிரைடியின் மட்டை. புதுத் தோல் வாரைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். சுவரோரம் இன்னும் சில மட்டைகள் சாய்த்திருந்தன.

"அதெல்லாம் யாரோடது?" என்றேன்.

"பிரைடியோட சிநேகிதிங்களோடது. அம்மா, அப்படியே இதையும் பின்னிக் குடுன்னு தூக்கிட்டு வந்துட்டா."

"நல்லா இருக்குடி உன் நியாயம். எதிரிக்குக் கத்தி தீட்டிக் குடுக்கற."

"போடி. குழந்தைங்கதானே." அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

வாரன் தலையைத் தூக்காமல் சொன்னான்: "புதுத் தோல் மழை பட்டா தொங்கிடும்னு அவகிட்ட சொல்லி வை."

"சொல்லாம இருப்பேனா?"

சொன்னாளா, சொல்ல மறந்தாளா, எனக்குத் தெரியாது. பிரைடி அப்போது வெளியே யாரையோ பார்க்கப் போயிருந்தாள்.

அந்த வருஷம் வில்லெட் அணி சரியாக ஆடவில்லை. புதிதாக வந்த துறைத் தலைவர், கழுத்துப்பட்டியை இறுக்கிக் கட்டுகிற ஆள், நோரீனைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார்: கடைசிச் சுற்றுக்குப் போகிற நாலு அணிகளுக்குள் வராவிட்டால் அடுத்த வருஷத்துக்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும். இதை அவள் என்னிடம் பேருந்தைக் கழுவுகிற இடத்தில் வந்து சொன்னாள்.

"எனக்கு வேற என்ன தெரியும், ரீட்டா? சொல்லு. இந்த வயசுல நான் எங்கே போய் நிப்பேன்?"

நாலுக்குள் வருவது ஒரே ஆட்டத்தில் வந்து நின்றது. அந்த ஆட்டம் செயின்ட் ஆல்பனோடு, அவர்கள் மைதானத்தில். இரண்டு அணியில் ஜெயிக்கிற அணி மேலே போகும். தோற்கிற அணிக்கு அன்றோடு வருஷம் முடிந்தது.

போதாக்குறைக்கு அன்று அங்கே கடைசி வருஷப் பெண்களுக்கு மரியாதை செய்கிற நாள். ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு பெண்ணும் பெற்றவர்களோடு கைகோத்து மைதானத்தின் நடுவுக்கு நடந்து வருவாள். அம்மாவுக்கு ஒரு பூங்கொத்து கொடுப்பார்கள். எங்கள் வில்லெட்டின் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டே நோரீன் மகளோடு நடந்தாள். அந்தப் பக்கம் வாரன், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில். ஊரே கை தட்டியது. பிரைடி அம்மாவைக் கட்டிப் பிடித்துக் காதில் ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு நோரீன் பூவை வாரனிடம் கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்றாள். மழை பிடித்துக்கொண்டது.

மழை என்றால் எங்கள் பக்கத்துக் கோச்சுகளுக்குள் ஒரு பேச்சு உண்டு. எந்தப் புத்தகத்திலும் கிடையாது. மழையில் தோல் இளகும், எல்லார் வலையும் தொங்கும், அதனால் மழை ஆட்டத்தில் எதிரணி மட்டையைச் சோதிக்கச் சொல்லி எந்தக் கோச்சும் கேட்பதில்லை. இந்தப் பேச்சைக் கொண்டுவந்ததே நோரீன்தான். கோச்சாக வந்த புதிதில் அவள் அணிப் பெண் ஒருத்தியின் கோலை இப்படி எவனோ மழையில் கேட்டுப் பிடுங்கினான் என்று, மைதானத்தைக் குறுக்கே தாண்டிப் போய் அவன் முகத்துக்கு நேராக, "உனக்கெல்லாம் வெட்கமா இல்லை?" என்று கேட்டவள் அவள். அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.

ஆட்டம் கடைசிவரை சமமாக இருந்தது. முடியப்போகிற நேரத்தில் பிரைடி எங்கள் பெண்கள் இருவரைச் சுற்றி வந்து, தாழ்வாக எறிந்தாள். கோல். செயின்ட் ஆல்பன் பெண்கள் அவள் மேல் விழுந்து குவிந்துவிட்டார்கள். வேலி ஓரத்தில் நின்ற நானே கை தட்டிவிட்டேன், பொய் சொல்வானேன். பிரைடி மட்டையை உயர்த்தி அம்மாவைத்தான் பார்த்தாள்.

நோரீன் கையைத் தூக்கியிருந்தாள். மட்டையைச் சோதிக்க வேண்டும் என்கிற அடையாளம் அது.

நடுவருக்கே ஒரு நிமிஷம் புரியவில்லை. அந்தப் பக்கத்துக் கோச் கார்னெட், நோரீனுக்குப் பழைய சிநேகிதி, அங்கிருந்தே, "நோரீன், மழை பெய்யுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நோரீன் கையைக் கீழே போடவில்லை.

நடுவர் மட்டையை வாங்கிப் பந்தைப் போட்டு, கண்ணுக்கு நேராகப் பிடித்தார். பந்து தெரியவில்லை. கோல் இல்லை என்று கையை வீசினார். பிரைடி அழவில்லை, சண்டை போடவில்லை. மட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, தொங்கிய வலையைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். கூடுதல் நேரத்தில் நாங்கள் ஜெயித்தோம்.

திரும்பும்போது பெண்கள் பின்னால் பாடிக்கொண்டு வந்தார்கள். நோரீன் எனக்குப் பக்கத்து முன்சீட்டில் நனைந்த கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஏரிக்கரைத் திருப்பத்தில் சொன்னாள்:

"கை தானா மேலே போயிடுச்சு, ரீட்டா."

எனக்கு வந்ததே கோபம். "தானா போறதுக்கு அது என்ன கயிறு அறுத்த மாடா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இல்ல. தெரிஞ்சுதான் தூக்கினேன்" என்றாள். "வேற எந்தப் பொண்ணு மட்டையா இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான் இருந்திருக்கும், கேட்டிருக்க மாட்டேன். அவளோடது எனக்கு நிச்சயமாத் தெரியும். நான் போட்ட தோல்."

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். பின்னால் ஒருத்தி, "கோச், நீங்களும் பாடுங்க!" என்று கத்தினாள்.

மறுநாள் ஊரில் யாரும் அவளைத் திட்டவில்லை, அதுதான் கொடுமை. பலகாரக் கடையில் காப்பி ஊற்றுகிறவள், "பெத்த பொண்ணுன்னு கூடப் பார்க்கல பாரு, அதான் கோச்!" என்று காசு வாங்க மறுத்துவிட்டாள். துறைத் தலைவர் வீட்டுக்கே வந்து கை குலுக்கிவிட்டுப் போனார். வேலை இருக்கிறது, கவலை வேண்டாம் என்றார். அவர் காலடிச் சேறு விரிப்பில் காய்கிறவரை நோரீன் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்று வாரன் பிறகு எனக்குச் சொன்னான்.

வாரன் சத்தம் போடுகிறவன் இல்லை. அவள் ஒரு நாள் அவனிடம், "சட்டப்படி நான் செஞ்சது தப்பில்லையே" என்றிருக்கிறாள். "இல்ல" என்றானாம் அவன். "அதையே சொல்லிக்கிட்டு இரு. நல்லா சத்தமாச் சொல்லு, உன் காதுல விழட்டும்." பிறகு பால் எடுக்கப் போய்விட்டான். பிரைடி வீட்டுக்கு வரவில்லை. அப்பாவோடு மட்டும் போனில் பேசினாள். அம்மா வாங்கினால், பரீட்சைக்குப் படிக்கணும் என்று வைத்துவிடுவாள்.

இதில் நான் ஒரு வேலை செய்தேன். செயின்ட் ஆல்பன் பேருந்தை ஓட்டுகிற லென்னியைப் பெட்ரோல் பங்கில் பார்த்தேன். அவன் சொன்னதைக் கேட்டதும் எனக்கு மனசு கேட்கவில்லை. நேரே நோரீன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணுங்க பிரைடியோட பேசறதில்லையாம். வருஷம் போனது அவளாலதான்னு. மட்டையை யாருடி பின்னினதுன்னு கேட்டிருக்காங்க. நானேதான் பின்னினேன், இறுக்க மறந்துட்டேன், தப்பு என்மேலதான்னு சொல்லியிருக்கா."

நோரீன் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. "என்னைக் காட்டிக் குடுக்கல அவ" என்றாள். "பாரு ரீட்டா, நான் அவளை விட்டுக் குடுத்தேன், அவ என்னை விட்டுக் குடுக்கல." துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்படி அவள் அழுது நான் பார்த்ததில்லை.

வருஷ முடிவில் செயின்ட் ஆல்பன் அணிக்கு அவர்கள் ஊர்த் தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஒரு விருந்து நடக்கும். அங்கே போய் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றாள். கதவருகே பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த வாரன் நிமிர்ந்தான்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ."

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவா."

"அப்ப போகாத."

"என் பொண்ணு மேல என் பழி கிடக்குது. நான் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

வாரன் எங்களோடு வரவில்லை. அவளுக்கு ஸ்டியரிங் பிடிக்கிற நிலைமை இல்லை என்பதால் என் காரில் கூட்டிப்போனேன்.

கூடத்துக்கு வெளியே தீயணைப்புக்காரர்கள் நீளக் கரியடுப்பில் கோழியை வரிசையாக அடுக்கி வாட்டிக்கொண்டிருந்தார்கள். வினிகர் புகை கண்ணைக் கரித்தது. உள்ளே நீள மேசைகளில் உப்புத் தண்ணீரில் அவித்த சின்ன உருளைக்கிழங்கு, உருக்கின வெண்ணெய், கோழி. நாங்கள் போனபோது பிரைடி மேசைக் கோடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மெலிண்டா என்று அந்த அணியின் தலைவி, தன் தட்டிலிருந்து கிழங்கை எடுத்து பிரைடி தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். இதை நான் பார்த்தேன். நோரீன் பார்க்கவில்லை, அவள் சொல்ல வந்ததை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பச்சைக் கோட்டைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கார்னெட் எழுந்தாள். "நோரீன், சாப்பிட வந்தா உக்காரு. வேறெதுக்கும் இன்னிக்கு வேண்டாம்."

"ஒரே ஒரு நிமிஷம், கார்னெட்."

"அம்மா" என்றாள் பிரைடி. மெதுவாகத்தான் சொன்னாள். தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

நோரீன் சொல்லிவிட்டாள். "பிரைடி உங்ககிட்ட சொன்னது நிஜமில்ல. அந்த மட்டையை அவ பின்னல. நான் பின்னினேன். என் வீட்டுச் சமையலறையில உக்காந்து, புதுத் தோல் போட்டு நான் பின்னினேன். மழையில தொங்கும்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சுக்கிட்டுத்தான் கேட்டேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல. என்னைத் திட்டுங்க."

யாரும் திட்டவில்லை. ஒரு சின்னப் பெண், முதல் வருஷக்காரியாக இருக்கும், சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்: "பிரைடி, அப்ப உனக்குப் பின்னத் தெரியாதா?"

பிரைடி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மட்டையை ஈஸ்டருக்கு நீ பின்னித் தர்றேன்னு எடுத்துட்டுப் போனியே," என்றாள் மெலிண்டா. "பின்னினது நான்தான்னு சொன்னியேடி. கை எப்படி இவ்ளோ சுத்தமா வந்துச்சுன்னு கேட்டேன், பழக்கம்தான்னு சொன்ன."

"என்னோடதும்தான்" என்றாள் இன்னொருத்தி.

"அப்ப நாம எல்லாருமே வில்லெட் கோச் பின்னின மட்டையிலயா ஆடினோம்?"

எங்கோ ஒருத்தி சிரித்தாள். அடக்கத்தான் பார்த்தாள் பாவம், முடியவில்லை. அது தொற்றிக்கொண்டு மேசை முழுக்கப் போனது. சிநேகிதிகளின் மட்டையைத் தான் பின்னினதாகப் பிரைடி சொல்லிக்கொள்வாள் என்று நோரீனுக்குத் தோன்றியதே இல்லை. எனக்கும்தான். அம்மாவைக் காப்பாற்றச் சொன்ன பொய்யாக நோரீன் நினைத்தது, பின்னத் தெரியாது என்பதை அந்தப் பெண் நாலு வருஷமாக மூடி வைத்திருந்த மூடி.

நான் நோரீன் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தேன். கரியடுப்பைத் தாண்டி கார் பக்கம் வருவதற்குள் பிரைடி பின்னாலேயே வந்துவிட்டாள்.

"உன்னை யாரும்மா கூப்பிட்டா?"

"பிரைடி, எனக்குத் தெரியாதும்மா, சத்தியமாத் தெரியாது. உன் மேல பழி விழக் கூடாதுன்னுதான்..."

"அந்தப் பழி போயிட்டே இருந்துச்சு. மழை, இறுக்க மறந்துட்டா, அவ்ளோதான்னு விட ஆரம்பிச்சிருந்தாங்க. இன்னிக்குத்தான் மெலிண்டா பக்கத்துல வந்து உக்காந்தா. நான்தான் வேண்டாம்னு தலையை ஆட்டினேனே, பார்த்தியா இல்லியா?"

பிரைடி ஓரடி கிட்டே வந்தாள்.

"சொல்லிட்ட இல்ல? இப்ப உனக்கு லேசா இருக்கா?"

நோரீனுக்கு எத்தனையோ கெட்ட குணம் உண்டு, பொய் மட்டும் வராது. "இருந்துச்சு," என்றாள். "சொல்லி முடிச்சப்ப ஒரு நிமிஷம் இருந்துச்சு."

பிரைடி கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்தாள். "கோல் போனதைக் கூட நான் விட்டுட்டேம்மா. உன் வேலை போயிடும்னு அப்பா சொல்லியிருந்தாரு. ரெண்டு நாள் கோவமா இருந்தேன், அப்புறம், சரி, அம்மா பயந்துட்டான்னு நினைச்சேன். ஆனா எனக்கு ஏன் பின்னத் தெரியாது? சொல்லு. சின்னதுல எத்தனை தடவை மட்டையைத் தூக்கிக்கிட்டு உன்கிட்ட வந்தேன்? கொண்டா இங்கேன்னு வாங்கிக்குவ. மறுநாள் எழுந்தா பின்னி முடிச்சு வெச்சிருப்ப. உன் கல்லூரிப் பொண்ணுங்களுக்கெல்லாம் பஸ்ல உக்காந்து மணிக்கணக்காக் கத்துக் குடுத்த. ரீட்டா ஆன்ட்டியே சொல்லட்டும்."

அவள் சொன்ன அத்தனையும் உண்மை.

"உன்னோடதை என் கையால செஞ்சு குடுக்கணும்னு ஆசைடி," என்றாள் நோரீன். "உனக்குச் செய்யறதுக்கு எனக்கு வேற எதுவும் தெரியல."

"தெரியும். அதனாலதான் யார்கிட்டயும் என்னால சொல்ல முடியல." பிரைடி திரும்பி உள்ளே போய்விட்டாள்.

"ஏறு, போகலாம்" என்றேன். நோரீன் ஏறவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், மறுபடி கூடத்தை நோக்கி நடந்தாள். இவள் இன்னும் என்ன பேசப் போகிறாளோ என்று பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே விருந்தைக் கலைத்துக்கொண்டிருந்தார்கள். சிலர் நாற்காலிகளை மடக்கினார்கள், சிலர் எலும்புத் தட்டுகளைச் சாக்கில் கொட்டினார்கள். பிரைடி ஒரு நீள மேசையைத் தனியாகத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முனையைத் தூக்கினால் அந்த முனை தரையில் இழுபட்டது. யாரும் வரவில்லை. நோரீனின் இரண்டு கைகளும் தானாக முன்னால் நீண்டதை நான் பார்த்தேன். ஓரடி எடுத்தும் வைத்துவிட்டாள். பிறகு நின்று, கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

பிரைடி மேசையைக் கீழே வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினாள். அப்போதுதான் மெலிண்டா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்த முனையைப் பிடித்தாள். பிரைடியின் முகத்தைப் பார்க்காமல்தான் பிடித்தாள். இரண்டு பேரும் மேசையைச் சாய்த்துக்கொண்டு வாசல் பக்கம் வந்தார்கள். நோரீன் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டாள்.

அவளைத் தாண்டும்போது பிரைடி, "தேங்க்ஸ்" என்றாள். வழி விடுகிற எவருக்கும் சொல்வோமே, அப்படி.